ஜெப ஆலய வாசலில் நின்ற மகன்

வாசகியின் கடிதம்:

சட்டத்தரணி அவர்களுக்கு வணக்கம். நாங்கள் கனடாவில், ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள தோர்ன்ஹில்லுக்குக் குடிவந்து பதினான்கு வருடங்கள் ஆகின்றன. பக்கத்து வீட்டில் ஒரு யூதத் தம்பதி. இருவருக்கும் எழுபது கடந்துவிட்டது. நான் இரவு வேலைக்குப் போன காலத்தில் என் மகனைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட்டவர்கள் அவர்கள்தான். அந்த ஐயா சனிக்கிழமை தோறும் தங்கள் ஜெப ஆலயத்துக்கு நடந்து போவார். இரண்டு மாதங்களுக்கு முன்பு அந்த ஆலயத்தின் முன்னால் ஓர் ஆர்ப்பாட்டம் நடந்தது. அதற்கு முந்திய வாரம் அங்கே இஸ்ரேலில் காணி விற்பது பற்றி ஒரு கூட்டம் நடந்ததாம், அதற்குத்தான் எதிர்ப்பு. ஆனால் இவர்கள் போய் நின்றது சனிக்கிழமை காலை, வழிபாட்டு நேரத்தில். உள்ளே போனவர்களின் முகத்துக்கு நேரே ஒலிபெருக்கியைப் பிடித்துக் கத்தியிருக்கிறார்கள். ஐயாவைப் பார்த்து ஒருவர் ‘போலந்துக்கே திரும்பிப் போ’ என்றாராம். அன்றிலிருந்து அவர் ஆலயத்துக்குப் போவதில்லை. என் மகனுக்கு இருபத்தொரு வயது. அவனும் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறான். ‘நான் யாரையும் தொடவில்லை, இது கருத்துச் சுதந்திரம். 2009 இல் நீங்கள் என்னையும் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலையை மறிக்கவில்லையா?’ என்று கேட்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த ஐயாவுக்குச் சட்டத்தில் ஏதாவது பாதுகாப்பு உண்டா? நான் என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மகன் கேட்டது நல்ல கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2009 இல், ஈழத்தில் போரை நிறுத்தக் கேட்டு ரொறன்ரோத் தமிழர் தெருவில் இறங்கியபோது, நானும் அங்கே இருந்தேன். அப்போது சட்டக் கல்லூரி மாணவன். ஏப்ரல் கடைசியில் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு முன்னால் தெருவில் இரவிரவாக நின்றோம். மே 10 ஆம் திகதி, அன்னையர் தினத்தன்று மாலை, கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறினோம். குழந்தை வண்டிகளோடு தாய்மார்கள் இருந்தார்கள். அந்த வண்டிகளில் ஒன்றில் உங்கள் மகனும் இருந்திருக்கலாம். நெடுஞ்சாலையை மறித்தது சட்டப்படி தவறு. இன்று ஒருவர் என்னிடம் சட்ட ஆலோசனைக்கு வந்து கேட்டால் ஏறவேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் நாம் யாரை நோக்கிக் கத்தினோம் என்பதை உங்கள் மகன் யோசிக்க வேண்டும். தூதரகம், ஒன்ராறியோ சட்டசபை, ஒட்டாவா நாடாளுமன்றம். போரை நிறுத்தச் சொல்லும் வலு யாரிடம் இருந்ததோ, அவர்களின் வாசலில் நின்றோம். வாகனத்தில் மாட்டிக்கொண்ட சனங்களுக்குத் தொந்தரவு கொடுத்தோம், உண்மைதான். அவர்கள் இன்ன இனம், இன்ன மதம் என்று பார்த்து மறிக்கவில்லை.

அந்த நாட்களில் ஒருவர் எழுந்து, ‘வாருங்கள், போயா தினத்தில் விகாரை வாசலில் போய் நிற்போம், பூத்தட்டோடு உள்ளே போகிற சிங்களக் கிழவிகளின் காதுக்குள் ஒலிபெருக்கியை வைத்துக் கத்துவோம்’ என்று சொல்லியிருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? அந்தக் கிழவிக்கு ஒருவேளை ராணுவத்தின் மேல் அபிமானமும் இருந்திருக்கலாம். இருந்தாலும் முள்ளிவாய்க்காலில் விழுந்த குண்டுக்கு அவளிடம் கணக்குக் கேட்பது நியாயமா? உங்கள் மகன் நின்ற இடம் அப்படிப்பட்ட இடம். இதை அவனுக்குக் கோபமில்லாமல் சொல்லுங்கள். காசாவில் செத்த குழந்தைகளுக்காகத் தெருவில் இறங்குகிற பிள்ளை நல்ல மனமுள்ள பிள்ளை. அவனை வீட்டுக்குள் பூட்டிவைக்கச் சொல்ல மாட்டேன். நின்ற இடமும், தேர்ந்த நேரமும், பக்கத்தில் நின்றவன் சொன்ன சொல்லைக் கேட்டும் பேசாமல் இருந்ததும்தான் பிழை.

அந்தச் சொல்லைப் பற்றியும் பேச வேண்டும். போருக்கு முன்னர் போலந்தில் சுமார் 33 லட்சம் யூதர்கள் வாழ்ந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். எழுபது கடந்த ஒரு யூதர் என்றால் அந்த அழிவுக்குச் சற்றுப் பின்னர் பிறந்தவர். ‘போலந்துக்கே திரும்பிப் போ’ என்பது அவர் காதில் இஸ்ரேல் அரசின் கொள்கைக்கு எதிரான விமர்சனமாக விழாது. நீ இங்கேயும் இருக்கக்கூடாது, எங்கேயும் இருக்கக்கூடாது என்றுதான் விழும். ‘உன் நாட்டுக்கே போ’ என்பதை 2009 இல் பஸ்ஸிலும் கடையிலும் கேட்டவர்கள் நாம். அன்று என் தாயிடம் அப்படிச் சொன்ன மனிதனின் முகம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. அவன் கையை ஓங்கவில்லை, தொடவும் இல்லை. ஆனாலும் அம்மா அதற்குப் பிறகு அந்த பஸ்ஸில் ஏறவில்லை.

‘நான் யாரையும் தொடவில்லை’ என்று மகன் சொல்வதற்கு இதுவே என் பதில். மிரட்டலுக்குக் கை வேண்டியதில்லை.

இன்னொன்று. நம்மவர் பலருக்கு யூத வழிபாட்டைப் பற்றித் தெரியாது, அதனால் இதன் பாரமும் விளங்குவதில்லை. வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி இரவு வரை அவர்களுக்கு ஓய்வுநாள். நெறியை இறுக்கமாகக் கடைப்பிடிப்பவர்கள் அன்று வாகனம் ஓட்டமாட்டார்கள், தொலைபேசியைத் தொடமாட்டார்கள். அதனால்தான் அந்த ஐயா நடந்து போகிறார். கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பின்வாசலால் நுழைவது அவருக்கு இயலாது. படம் எடுக்கவோ பொலிஸை அழைக்கவோ கையில் எதுவும் இராது. உயிருக்கு ஆபத்து என்றால் விதி தளரும், ஆனால் வசையும் கூச்சலும் அந்த எல்லைக்கு இப்பால் நிற்கிறவை. சனிக்கிழமை காலை என்பது ஆர்ப்பாட்டக்காரருக்கு வசதியான விடுமுறை நேரம். அவர்களுக்கோ வாரத்தில் மிகவும் காப்பற்ற நேரம்.

அவர்களின் கூட்டு வழிபாட்டுக்குப் பத்துப் பேர் வேண்டும். மரபுவழி ஆலயங்களில் பத்து ஆண்கள், மற்றவற்றில் பெண்களையும் சேர்த்து எண்ணுவார்கள். ஒன்பது பேர் வந்தால் சில முக்கியமான பிரார்த்தனைகளைச் சொல்ல முடியாது. இறந்தவர்களுக்காகச் சொல்லும் கதிஷ் என்ற பிரார்த்தனை அவற்றில் ஒன்று. நம் ஆட்டைத் திவசம் போல அவர்களும் தாய் தந்தையர் இறந்த நாளை வருடா வருடம் நினைத்து, ஆலயத்தில் நின்று அதைச் சொல்வார்கள். சிறிய ஆலயமென்றால், ஒரு கிழவர் பயந்து வீட்டிலிருக்கும் நாளில் இன்னொருவர் தன் தாய்க்குச் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் திரும்புகிறார். உங்கள் பக்கத்து வீட்டுக் கதவு சனிக்கிழமை காலையில் திறக்காததால் இழப்பு அந்த வீட்டுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

பயம் மிகையானது என்று சிலர் சொல்வார்கள். ரொறன்ரோவின் வட யோர்க்கில் ஒரு யூதப் பெண்பிள்ளைகள் பாடசாலை மீது 2024 என்ற ஒரே ஆண்டில் மூன்று தடவை துப்பாக்கியால் சுட்டார்கள். அதில் ஒரு தடவை, அவர்களின் மிகப் புனிதமான பாவநிவிர்த்தி நாளன்று. மொன்றியல் பகுதியில் ஒரே ஜெப ஆலயத்தின் மீது 2023 நவம்பரிலும் 2024 டிசம்பரிலும் எரிகுண்டு வீசினார்கள். 2025 ஒக்டோபர் 2 ஆம் திகதி, அதே பாவநிவிர்த்தி நாளில், இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆலய வாசலில் நடந்த தாக்குதலில் வழிபட வந்த இருவர் உயிரிழந்தார்கள். இவற்றைச் செய்தவர்கள் உங்கள் மகனோடு பதாகை பிடித்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முகத்தை மூடிக்கொண்டு வாசலில் கத்தும் ஐம்பது பேரில் யார் கத்திவிட்டுப் போகிறவர், யார் அதற்கு மேலும் போகிறவர் என்று எழுபது வயதுக்காரர் ஒருவரால் நடந்துகொண்டே கண்டுபிடிக்க முடியுமா?

இனி சட்டத்துக்கு வருகிறேன். நம் உரிமைச் சாசனத்தின் 2 ஆம் பிரிவு மதச் சுதந்திரத்தையும் கருத்துச் சுதந்திரத்தையும் அமைதியாகக் கூடும் உரிமையையும் அடுத்தடுத்த வரிகளில் தருகிறது. ஒன்று மற்றதை விழுங்க இடமில்லை. மனம் புண்படுவது ஒன்று, மிரட்டப்படுவது வேறொன்று. எதிர்த்தெருவில் பலஸ்தீனக் கொடி பறப்பதைப் பார்த்து ஐயாவுக்கு வருத்தமாக இருக்கலாம், ‘இனப்படுகொலையை நிறுத்து’ என்ற கோஷம் அவருக்குக் கோபமூட்டலாம். அதற்காகச் சட்டம் யாருடைய வாயையும் மூடாது, மூடவும் கூடாது. அவர் செய்ய உரிமையுள்ள ஒரு காரியத்தைச் செய்யவிடாமல் பயமுறுத்தும்போதுதான் சட்டம் உள்ளே வருகிறது.

குற்றவியல் சட்டக்கோவையின் 423 ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. ஒருவரை அவருக்கு உரிமையுள்ள செயலிலிருந்து தடுக்கும் நோக்கோடு அச்சுறுத்துவது, விடாமல் பின்தொடர்வது, அவர் இருக்கும் இடத்தைச் சூழ்ந்து நிற்பது எல்லாம் குற்றம். கூடிய தண்டனை ஐந்து வருடச் சிறை. அதே பிரிவு, தகவல் தெரிவிப்பதற்காகவோ பெறுவதற்காகவோ மட்டும் ஓரிடத்தில் நிற்பது குற்றமாகாது என்றும் சொல்கிறது. துண்டுப்பிரசுரத்தை நீட்டிவிட்டு ஒதுங்கி நிற்பவருக்கும் வழியை மறித்து முகத்தில் கத்துபவருக்கும் இடையே சட்டம் கோடு கிழித்திருக்கிறது. உங்கள் மகனுக்கு இந்தப் பிரிவை முழுதாக வாசித்துக் காட்டுங்கள்.

176 ஆம் பிரிவும் இருக்கிறது. வழிபாட்டுக்காகக் கூடியிருப்பவர்களை வேண்டுமென்றே குழப்புவதும், மதகுருவை அச்சுறுத்தியோ பலவந்தமாகவோ தடுப்பதும் அதன்படி குற்றம். 2017 இல் ஒன்றிய அரசு இது பழைய சட்டம் என்று நீக்கப் பார்த்தது. பல மதத்தவரும் எதிர்த்தார்கள். கடைசியில் நீக்குவதற்குப் பதிலாக, கிறிஸ்தவ குருமாரைக் குறித்த பழைய சொற்களை மாற்றி எல்லா மதத்தவரின் குருமாருக்கும் விரித்தார்கள். இன்று யூத ரபியையும் நம் கோவில் குருக்களையும் காப்பது அந்த ஒரே பிரிவுதான். 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு கொண்டுவந்த சி-9 மசோதா, வழிபாட்டு இடங்களுக்குப் போவோரை மிரட்டுவதையும் மறிப்பதையும் பத்து வருடம் வரை தண்டிக்கக்கூடிய தனிக் குற்றங்களாக்கக் கேட்டது. உங்கள் அயலவரின் முறைப்பாடு அதை நம்பி இருக்கத் தேவையில்லை. மேலே சொன்ன இரண்டு பிரிவுகளும் போதும்.

நகரசபை உபவிதிகளும் உண்டு. யங் வீதிக்கு மேற்கே நீங்கள் இருந்தால் உங்கள் சபை வோன், கிழக்கே என்றால் மார்க்கம். அந்த ஆலயம் எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். வோன் நகரசபை 2024 ஜூனில், வழிபாட்டு இடங்கள், பாடசாலைகள், மருத்துவமனைகள் போன்றவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் அச்சுறுத்தும் ஆர்ப்பாட்டங்களைத் தடைசெய்தது. அபராதம் ஒரு லட்சம் டொலர் வரை போகலாம். அமைதியான ஆர்ப்பாட்டத்தை அது தடுக்கவில்லை. ஸ்டீல்ஸ் வீதிக்குத் தெற்கே ரொறன்ரோவின் விதி வேறு. 2025 ஜூலை 2 முதல் நடைமுறையில் உள்ள அந்த விதிப்படி, கேட்டு விண்ணப்பிக்கும் இடங்களுக்கு மட்டும் 50 மீட்டர் பாதுகாப்பு வட்டம் கிடைக்கும்.

இந்த வட்டங்களைக் குடியியல் உரிமை அமைப்புகள் எதிர்க்கின்றன. கனடியக் குடியியல் சுதந்திரச் சங்கம் பல தடவை எச்சரித்திருக்கிறது. அவர்களின் கவலையை நான் தள்ளிவிடவில்லை. ஒரு நகரத்தில் பாடசாலையும் கோவிலும் இல்லாத தெரு எது? எல்லாவற்றையும் சுற்றி வட்டம் போட்டால் ஆர்ப்பாட்டம் செய்ய வயல்வெளிக்குத்தான் போகவேண்டும். நாளைக்கு நம் சனமும் தெருவில் இறங்க நேரலாம். ஆகவே விதி ஒடுக்கமாக இருக்கவேண்டும் என்பதே என் நிலைப்பாடு: வாசல், வழி, வழிபாட்டு நேரம், மிரட்டல். அதற்கு மேல் பொலிஸுக்கு அதிகாரம் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. வாசல்களைக் காப்பது இந்த நாட்டுக்குப் புதிதும் அல்ல. கருக்கலைப்பு நிலையங்களுக்குப் போகும் பெண்களைத் தெருவில் அவமானப்படுத்தாமலிருக்க பிரிட்டிஷ் கொலம்பியா 1995 இலும் ஒன்ராறியோ 2017 இலும் இப்படிச் சட்டம் செய்தன. பிரிட்டிஷ் கொலம்பியாவின் சட்டத்தை நீதிமன்றங்களும் ஏற்றன.

காணி விற்பனைக் கூட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருந்தீர்கள். இதுதான் கடினமான இடம். ஆலய மண்டபத்தில் வழிபாட்டோடு தொடர்பில்லாத ஒரு நிகழ்ச்சி நடந்தால், அதை எதிர்க்கச் சனத்துக்கு உரிமை உண்டு. அந்தக் காணி ஆக்கிரமிக்கப்பட்ட மண்ணில் இருக்கிறது என்று ஒருவர் நம்பினால் அவர் பேசாமல் இருக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நிகழ்ச்சி நடக்கும் மணித்தியாலத்தில், எதிர்ப்பக்க நடைபாதையில், அந்த விற்பனையைப் பற்றி எழுதிய பதாகையோடு நிற்கட்டும். ஆனால் ஒரு வாரம் கழித்து, நிகழ்ச்சியே இல்லாத சனிக்கிழமை காலையில் வந்து நின்றவர்களுக்கு முன்னால் இருந்தது வழிபட வந்த சனம் மட்டும். விற்பனையை எதிர்க்க வந்தோம் என்று அவர்கள் எப்படிச் சொல்ல முடியும்?

பிரம்டனில் நடந்ததை நினைத்துப்பாருங்கள். 2024 நவம்பர் 3 ஆம் திகதி இந்து சபா மந்திரில் இந்தியத் தூதரக அதிகாரிகள் ஒரு சேவை முகாம் வைத்தார்கள். அதை எதிர்க்கக் காலிஸ்தான் ஆதரவாளர்கள் வந்தார்கள். கைகலப்பு கோவில் வளவுக்குள் போயிற்று, கொடிக்கம்புகளால் அடித்துக்கொண்டார்கள். அன்று அந்தக் காணொளியைப் பார்த்து நம் வீடுகளில் எவ்வளவு கொதித்தோம்! தூதரக முகாமுக்கு எதிர்ப்புத் தெரிவிப்பது குற்றமில்லை, கோவிலுக்கு வந்தவர்களைத் தாக்குவதுதான் குற்றம் என்று அன்றைக்கு நமக்கு ஒரு நொடியில் விளங்கியது. ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோவில் வாசலில் நமக்கு என்ன வேண்டுமோ, அதைத்தான் ஜெப ஆலயங்கள் இருக்கும் பதேர்ஸ்ட் வீதியில் யூதர்களும் கேட்கிறார்கள்.

நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். முதலில் அந்த அம்மாவோடும் ஐயாவோடும் உட்கார்ந்து ஒரு தேநீர் குடியுங்கள். இஸ்ரேலைப் பற்றி அவருடைய கருத்து என்ன என்று கேட்காதீர்கள். ஆலயத்துக்குப் போகும் உரிமைக்கு அவர் அரசியல் பரீட்சை எழுதவேண்டியதில்லை. அவருக்கு என்ன விருப்பம் என்று மட்டும் கேளுங்கள். முறைப்பாடு செய்ய விரும்பாமல் இருக்கலாம், அது அவருடைய முடிவு. விரும்பினால் நடந்த திகதி, நேரம், சொல்லப்பட்ட சொற்கள், சொன்னவரின் தோற்றம் எல்லாவற்றையும் இப்போதே எழுதிவைக்க உதவுங்கள். இரண்டு மாதத்தில் ஞாபகம் மங்கத் தொடங்கியிருக்கும். முறைப்பாட்டை யோர்க் பிராந்தியப் பொலிஸாரிடம் கொடுக்கவேண்டும். அவர்களுக்கு வெறுப்புக் குற்றங்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. ‘வெறுப்புக் குற்றமாகப் பதியுங்கள்’ என்று வாய்திறந்து கேளுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் எழும்பாதீர்கள். ஒரே மனிதர் திரும்பத் திரும்ப அவரைத் துரத்துகிறார் என்றால் 810 ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தில் நன்னடத்தைப் பிணை கேட்கலாம். இதுவரை நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அது தேவைப்படாது.

அவர் மறுபடி போக விரும்பினால் கூட நடந்து போங்கள். ஓய்வுநாளில் தொலைபேசி உங்கள் கையில்தான் இருக்கும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது: தங்களுக்கு விலக்கான வேலையை அன்று பிறரிடம் கேட்டுச் செய்விப்பதையும் அவர்களின் நெறி பொதுவாக ஏற்பதில்லை. ஆகவே ‘அழைக்கட்டுமா?’ என்று அவரிடம் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். ஆபத்து என்று கண்டால் நீங்களாகவே 911 ஐ அழையுங்கள். ஆர்ப்பாட்டக்காரர்களோடு வாக்குவாதம் செய்யாதீர்கள், தள்ளிநின்று படம் பிடியுங்கள். போவதற்கு முன்பு, ஒரு வாரநாளில், ஆலய அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள். வாசலில் காவல் நிற்பவர்களுக்கு உங்கள் முகம் தெரியாது. இன்றைய நிலையில் அறிமுகமில்லாத ஒருவரைப் பார்த்து அவர்கள் பதறினால் அதைக் குறையாக எடுக்காதீர்கள்.

மகனுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அவன் சேர்ந்திருக்கும் குழு அடுத்த ஆர்ப்பாட்டத்துக்குத் திட்டமிடும்போது அவன் அந்த அறையில் இருக்கட்டும். வெள்ளி மாலை, சனி காலை, பண்டிகை நாட்கள் வேண்டாம் என்று சொல்லட்டும். வாசலிலும் அதையொட்டிய நடைபாதையிலும் நிற்பதில்லை என்று எழுத்தில் முடிவெடுக்கச் சொல்லட்டும். ‘போலந்துக்குப் போ’ என்பவனை வெளியே அனுப்பத் தொண்டர்களை நிறுத்தச் சொல்லட்டும். குழு மறுத்தால் அந்தக் குழுவை விட்டு வேறு குழுவில் சேரலாம். தூதரகமும் நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகமும் ஆயுத ஏற்றுமதிக்கு அனுமதி கொடுக்கும் அமைச்சும் இந்த நாட்டில் இருக்கின்றன.

அந்த ஐயாவிடம் மன்னிப்புக் கேட்கவேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஆம் என்று சொல்லியிருப்பேன். பொலிஸுக்குப் போவதற்கு முன்பே கேட்கட்டும், தனியே போய்க் கேட்கட்டும். ஆனால் அவன் முன்னின்று யாரையும் மறித்திருந்தாலோ, அந்தக் கூட்டத்தை ஒழுங்குசெய்தவர்களில் ஒருவனாக இருந்தாலோ, அதற்கு முன் என்னிடம் ஒரு மணிநேரம் வரச்சொல்லுங்கள். கட்டணம் வேண்டாம். அவனை பஸ்ஸில் ஏற்றிவிட்டவர் அவர் என்பதை அவனே எனக்குச் சொல்லட்டும்.